சுற்றச் சுற்ற ஆறிய நிலவு

தோழர்களே, தோழியரே,

நம் அறிவியல் ஆசிரியர் பணிநிறைவு பெறுகிறார் என்றும், விழா எடுத்து மலர் வெளியிடப் போகிறீர்கள் என்றும், அவரிடம் படித்த ஒவ்வொருவரும் ஒரு நினைவை எழுதித் தர வேண்டும் என்றும் நம் கைப்பேசிக் குழுவில் அறிவித்தீர்கள். "நீ தமிழ் டீச்சராச்சே, ரெண்டு பக்கம் ஜாஸ்தியாவே எழுதுடி" என்று முதல் வரிசைத் தோழி என்னைத் தனியாகவும் கேட்டுக்கொண்டாள். எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லையும் மாற்றாமல் அச்சிடுங்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால் அச்சிடவே வேண்டாம்.

நமக்கெல்லாம் தலைக்குச் சாயம் பூசும் வயது வந்துவிட்டது. இந்த வயதில் பழைய ஆசிரியரைப் பற்றி எழுதுகிறவர்கள் வாங்கிய அடியையும் அன்பென்றே எழுதுகிறார்கள். மலருக்கு வந்த மற்றக் கட்டுரைகளைக் குழுவில் படித்தேன். அந்த அன்பு எல்லாவற்றிலும் வழிகிறது. என் கட்டுரையில் அதைத் தேடாதீர்கள்.

நான் எழுதப்போவது ஒரு மழைக்காலத்தைப் பற்றி. ஆழிப்பேரலை கடலூர்க் கரையை அடித்துப்போன மறு ஆண்டு. சிதம்பரத்தில் நாம் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தோம்.

என் அப்பா அப்போது சிதம்பரத்துக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் இடையே நகரப் பேருந்து ஓட்டினார். விடுமுறை நாள்களில் நானும் அவரோடு போவேன். வண்டிப் பொறியின் மூடிக்கு அருகில், அவர் கண்ணில் படும்படி, எனக்கு ஓர் இடம் உண்டு. காட்டுமன்னார்கோயிலில் பயணிகள் இறங்கியதும் அப்பாவும் இறங்குவார். வண்டியை ஒருமுறை சுற்றிவந்து ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் உள்ளங்கையை வைப்பார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போலத்தான் இருக்கும். எல்லா ஓட்டுநர்களும் செய்கிற வேலைதான் அது. ஆனால் அதைப் பார்ப்பதற்காகவே நான் அவரோடு போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்று. விடிந்ததிலிருந்து மழை. வீராணத்து ஏரிக்கரையெங்கும் வானமும் நீரும் ஒரே சாம்பல் நிறம். சூரியன் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும் நாள். வண்டி நின்றதும் நானும் இறங்கி, அப்பா தொட்ட சக்கரங்களைத் தொட்டேன். சில்லென்று இருக்கும் என்று எண்ணிய என் கை திடுக்கிட்டது. ரப்பர் வெதுவெதுவென்று இருந்தது. பின்பக்கம் உள்ளே இருந்த ஒரு சக்கரம் சுட்டது.

"இது மட்டும் ஏன்ப்பா இப்புடி சுடுது?"

"காத்து கொறச்சலா இருக்குது. அமுங்கி அமுங்கி எழுந்திருக்குது பாரு, அதான்" என்று சொல்லிவிட்டு அப்பா தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

நான் மழையில் நின்றுகொண்டு அந்தச் சக்கரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வெயில் படாத ஒன்று, நெருப்பைக் காணாத ஒன்று, நனைந்துகொண்டே இருக்கும் ஒன்று தனக்குள்ளிருந்து எப்படிச் சுட முடியும்?

அதற்கான விடை நகர நூலகத்தில், அட்டை கிழிந்த ஒரு வானியல் நூலில் கிடைத்தது. வியாழனின் நிலவுகளுள் அயோ என்று ஒன்று. அதன் உடம்பெல்லாம் எரிமலை. நீள்வட்டப் பாதையில் சுற்றும்போது ஓதத்தின் விசையால் அதன் உள்ளே வெப்பம் பிறக்கிறது என்று ஒரே ஒரு வரி. அந்த நூலில் அதற்குமேல் விளக்கம் இல்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை.

இதை நான் வகுப்பில் சொல்ல முயன்றபோது உங்களில் பலர் கேட்கவில்லை. ஆகவே இப்போது சொல்லிவிடுகிறேன். வியாழன் பேருருவம் கொண்ட கோள். அதை மிக நெருங்கிச் சுற்றும் பெரிய நிலவு அயோ. அது சுற்றும் பாதை சரியான வட்டமன்று, சற்றே நீண்ட வட்டம். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அது வியாழனை ஒருமுறை நெருங்குகிறது, ஒருமுறை விலகுகிறது. நெருங்கும்போது வியாழனின் ஈர்ப்பு அதன் உடம்பைப் பிடித்து நீட்டுகிறது. விலகும்போது அந்த நீட்சி தளர்கிறது. நம் கடலில் நிலவின் ஈர்ப்பால் நீர் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம். அங்கே ஏறி இறங்குவது நீரன்று, பாறை. இழுபட்டும் தளர்ந்தும் ஓயாது அசைகிற பாறை தன் உள்ளே உரசிச் சூடேறுகிறது, உருகுகிறது, எரிமலையாய் வெடித்து வெளியேறுகிறது. சூரியன் அங்கிருந்து பார்த்தால் ஒரு சிறு பொட்டு. இந்த வெப்பத்தில் அதற்குப் பங்கே இல்லை. மழையில் நனைந்த சக்கரத்துக்கு நேர்ந்தது எதுவோ, அதுவே அந்த நிலவுக்கும் நேர்கிறது.

அந்த வாரமே வகுப்பில் சூரியக் குடும்பப் பாடம் வந்தது. "சூரியன விட்டுத் தூரமா போவப் போவ குளிரு ஜாஸ்தி. செவ்வாய்க்கு அப்பால வெறும் பனிக்கட்டிதான்" என்றார் ஆசிரியர். நான் எழுந்தேன்.

"சார், வியாழனோட ஒரு நிலாவுல எரிமலை இருக்குதாம் சார்."

"பேரு என்னா அதுக்கு?"

"அயோ சார்."

"ஐயோ!" என்றான் கடைசி வரிசையில் ஒருவன். வகுப்பு சிரித்தது.

"சூரியனே இல்லாத எடத்துல எரிமலையா? யாரு சொன்னா ஒனக்கு?"

"புக்குல இருக்குது சார். பஸ் டயரு மழையில கூட சுடுதில்ல சார், அந்த மாதிரி..."

ஆசிரியர் சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, சிரிப்பு முற்றிலும் அடங்கும்வரை காத்திருந்தார். தம் சொல்லுக்கு இடம் விட்டுப் பேசுவதில் அவர் வல்லவர்.

"ஒங்கப்பன் பஸ் டிரைவர்னா வானத்துலயும் பஸ்ஸுதான் ஓடுதா? உக்காரு."

நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு 'ஐயோ நிலா' என்று பெயர் சூட்டியவர்கள் நீங்கள்தாம். அதை நான் என்றோ மன்னித்துவிட்டேன். குழந்தைகள் சிரிப்பார்கள். என் அப்பாவின் காக்கிச் சட்டையை வகுப்புக்குள் இழுத்துவந்து எல்லார் காலடியிலும் போட்டது குழந்தையன்று, சம்பளம் வாங்கிய ஒரு மனிதர்.

மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குப் பள்ளியில் தேர்வு நடக்கும் என்று அறிவித்தபோது என் தீர்மானம் உறுதியானது. அந்த ஆண்டு எந்தப் பள்ளியில் பார்த்தாலும் ஆழிப்பேரலையை முன்னறியும் கருவிகள்தாம். மிதவை, மணி, சிவப்பு விளக்கு. நான் மட்டும் நிலவு செய்தேன்.

அதன் அமைப்பு உங்களுக்குத் தெரிய வேண்டும். ஏனெனில் இந்தக் கதை முழுதும் அதற்குள்தான் இருக்கிறது. ஓர் அகன்ற பலகை. அதன்மேல் மஞ்சள் பூசிய மரக்குண்டு. அது வியாழன். குண்டைச் சுற்றிவர நீண்ட கை ஒன்று. கையின் முனையில் இரண்டு தகடுகள். தகடுகளுக்கு நடுவே, பேருந்தின் அடியிலிருந்து கழற்றிப் போட்ட, நடுவில் துளையுள்ள கெட்டி ரப்பர்க் கட்டை. அதுதான் நிலவு. வெளித்தகட்டின் முதுகில் ஒரு சிறு உருளை. அந்த உருளை உரசி ஓடுவதற்குப் பலகையின் ஓரத்தில் மரத்தாலான ஒரு வேலி. வேலி நீள்வட்டம். வியாழன் அதன் நட்டநடுவில் இராது, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். ஆகவே ஒரு பக்கத்தில் வேலி நெருங்கிவந்து தகட்டை உள்ளே தள்ளும், ரப்பர் அமுங்கும். மறுபக்கத்தில் வேலி விலகும், ரப்பர் தளரும். பழைய மிதிவண்டியின் மிதிகட்டையையும் சங்கிலியையும் பூட்டிக் கையால் சுழற்றினால் நிலவு விர்ரென்று சுற்றும். உண்மை நிலவை வியாழன் நீட்டுகிறது, என் நிலவை வேலி அமுக்குகிறது. அந்த வேறுபாட்டை நான் அறிவேன். ஆனால் சூடு பிறக்கும் வழி ஒன்றே.

அப்பா வேலியை அறுத்துக் கொடுத்தார். "வட்டமா இருந்தா சொகமா ஓடுமேம்மா" என்றார் முதலில். வட்டமாக இருந்தால் ரப்பர் ஒரே அளவில் அமுங்கியபடியே இருக்கும், அசையாது, அசையாததற்குச் சூடு ஏது என்றேன். தலையசைத்தார். செய்து முடித்த அன்று நான் சுற்றிச் சுற்றி நிறுத்தினேன். நிறுத்தும்போதெல்லாம் அவர் ரப்பரின்மேல் உள்ளங்கையை வைத்தார். கன்றுக்குட்டியின் காதைப் போல அது மெல்ல வெதுவெதுப்பானது. பிறகு சுட்டது. சூடான ரப்பரின் மணம் வீடெல்லாம் பரவியது. "அட!" என்றார் அப்பா. அதன்பின் வந்த எந்தப் பாராட்டும் அந்த ஒற்றைச் சொல்லுக்கு ஈடாகவில்லை.

பள்ளித் தேர்வில் தலைமையாசிரியர் தொட்டுப் பார்த்துவிட்டு என் நிலவைத் தேர்ந்தெடுத்தார். மறுநாள் அறிவியல் ஆசிரியர் வகுப்பில் வந்து, திருப்பாதிரிப்புலியூரில் நடக்கும் மாவட்டக் கண்காட்சியில் அதைத் தாளாளரின் பேரன் விளக்குவான் என்றார்.

நம் பக்கத்துப் பள்ளிகளின் வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். செய்கிறவர் ஒருவர், மேசைக்குப் பின்னே நிற்கிறவர் வேறொருவர். ஆங்கிலம் பேசுகிற பிள்ளை நிற்கும், செய்த பிள்ளை சுமந்து செல்லும். பெயர் நின்றவருக்கே எழுதப்படும். யாருக்கும் அதில் தவறு தெரிந்ததில்லை. கோயில் தேரை இழுக்கிறவர்கள் மேலே ஏற ஆசைப்படுவதில்லையே என்று ஆசிரியர் ஒருமுறை சொன்னதுகூட உண்டு.

நான் வீட்டில் அழுதேன். மறுநாள் காலைப் பணி முடித்து, காக்கியைக் களையாமலேயே அப்பா பள்ளிக்கு வந்தார். ஆசிரியர் அறையின் வாயிலில் அவர் நின்றதை நான் மாடிப்படியிலிருந்து பார்த்தேன். உள்ளே இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. ஆசிரியர் தேநீரை ஆற்றிக்கொண்டே பேசினார்.

"டிரைவர் சார், ஒங்க பொண்ணு செஞ்சா, நாங்க இல்லங்கல. ஆனா அங்க ஜட்ஜுங்க இங்கிலீஷுல கேப்பாங்க. இது பேந்தப் பேந்த முழிச்சா பள்ளிக்கூடத்து மானம் போவும். வேணும்னா கூட வரட்டும். தூக்கிட்டு வர ஆளு வேணும்ல?"

"பேரு மட்டும் சேத்துக்குனா கொழந்த சந்தோசப்படும் சார்."

"பாக்கலாம், பாக்கலாம்."

அப்பா இரு கைகளையும் கூப்பினார். "ரொம்ப நன்றிங்க சார்" என்றார். எதற்கு நன்றி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. திரும்பும்போது என்னைக் கண்டு, "சேத்துக்குறேன்னு சொல்லிட்டாரும்மா. தங்கமான மனுசன்" என்றார். அவர் அதை நம்பினார். இன்றும் நம்புகிறார்.

கூப்பிய அந்தக் கைகளை நான் இறக்கிவைக்கவே இல்லை. இன்றுவரை என் கண்முன் அவை உயர்ந்தே நிற்கின்றன.

கண்காட்சிக்கு முதல் நாள் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். என் நிலவுப் பலகை புது நீலம் பூசி மினுங்கியது. ஆங்கிலத்தில் பெயர்கள், வெள்ளியில் நட்சத்திரங்கள். என் வேலி இல்லை. அதன் இடத்தில் தச்சர் கடைந்த புது வேலி. குறையற்ற வட்டம். நடுவில், மிகச் சரியாக நடுவில், வியாழன்.

"சார், வேலி..."

"என்னா வேலி? கோணக்க மாணக்கன்னு அறுத்து வச்சிருந்த. ஜட்ஜு பாத்தா சிரிப்பான். பாடப்புக்குல பாத்தியா? எல்லா பாதையும் வட்டம்தான்."

"இல்ல சார், அது நீட்டமா இருந்தாதான்..."

"கம்முனு இரு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது. இத பாரு, நாளைக்கி அங்க எவனாவது ஒன்ன கேட்டாலும் இதான் சொல்லணும். எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் தூக்கிட்டு வந்தவ. வேற ஒரு வார்த்த பேசுன, அவ்ளோதான். எங்க, சொல்லு பாக்கலாம்."

சொன்னேன்.

"இன்னொரு தபா."

மறுபடியும் சொன்னேன். அந்தச் சொற்களை அவர் என் வாயில் வைத்துப் பதம் பார்த்தார். அவர் கொடுத்ததை அவருக்கே திருப்பித் தருவது எப்படி என்று அந்தக் கணத்தில்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அழுகை நின்றுவிட்டது. என் பழைய வேலி மூலையில் குப்பையோடு கிடந்தது. அதை எடுத்துப் பாவாடையின் பின்னே மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலின் அடியில் வைத்தேன்.

கடலூர்ப் பேருந்தில் ஆசிரியரும் தாளாளரின் பேரனும் இருக்கையில் அமர்ந்தார்கள். நான் நிலவுப் பலகையை மடியில் சாய்த்துக்கொண்டு தரையில் அமர்ந்தேன். பேரன் தன் ஆங்கில உரையைச் சன்னலைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே வந்தான். என் மடியில் வட்டம் கனத்தது. அத்தனை இனிய கனத்தை நான் பின்னாளில் என் பிள்ளையைச் சுமந்தபோதுதான் அறிந்தேன்.

திருப்பாதிரிப்புலியூர்ப் பள்ளியின் கூடத்தில் மேசைகள் வரிசையாக இருந்தன. எங்களுக்கு இருபுறமும் ஆழிப்பேரலைக் கருவிகள் வீறிட்டுக்கொண்டிருந்தன. பேரன் ஒத்திகைக்காக மிதிகட்டையைச் சுழற்றினான். ரப்பரைத் தொட்டான். மறுபடியும் சுழற்றினான்.

"சார், சூடே ஆவல சார்."

ஆசிரியரும் சுழற்றினார். சட்டை முதுகில் ஒட்டும்வரை சுழற்றினார். ரப்பர் அமுங்கியபடியே, அசையாமல், குளிர்ந்தே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நீ செஞ்சப்ப ஆச்சில்ல?"

நான் பேசவில்லை. பேசக் கூடாதென்பது அவர் கட்டளை.

அவர் சிறிது யோசித்தார். பிறகு என் கையில் ஒரு சொம்பைத் திணித்தார். "வெளிய டீக்கடையில வெந்நி வாங்கியா. நல்லாக் கொதிக்கக் கொதிக்க. ஓடு."

தேநீர்க் கடைக்காரர் சொம்பை வாங்கி, "என்னா பாப்பா, யாருக்கு வயித்து வலி?" என்றார்.

"நிலாவுக்கு" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மழைக்காலம் முழுவதிலும் நான் சிரித்தது அங்கேதான்.

ஆசிரியர் தகடுகளைத் தளர்த்தி ரப்பரை வெந்நீரில் ஊறவிட்டார். கைக்குட்டையால் துடைத்து மீண்டும் பூட்டினார். துளைக்குள் நீர் தங்கியதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

நடுவர் ஒரு கல்லூரியின் இயற்பியல் பேராசிரியை. நரைத்த கொண்டை, கழுத்தில் கண்ணாடிக் கயிறு. பேரன் மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் பொழிந்தான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ரப்பரைத் தொட்டார். முகம் மலர்ந்தது.

"அட, சூடாத்தான் இருக்கு! நல்ல ஐடியாப்பா. நான் கைய எடுத்துக்குறேன், நீ கொஞ்சம் சுத்திட்டு நிறுத்து. திரும்பத் தொட்டுப் பாக்குறேன்."

பேரன் சுற்றினான். நிறுத்தினான். அவர் தொட்டார். சுற்றினான். மறுபடியும் தொட்டார். அவர் புருவம் சுருங்கியது.

"தம்பி, நான் வந்தப்ப சுட்டுது. இப்ப ஆறிட்டே வருதே? ஒன் நிலா சுத்தச் சுத்தக் குளிருதாப்பா?"

பக்கத்து மேசையில் மிதவையோடு நின்ற ஒருவன், "மச்சான், அது நிலா இல்லடா, ஐஸ் வண்டி!" என்றான். அந்த நேரம் பார்த்துத் துளையிலிருந்து நீர் சொட்டியது. "அழுவுதுடா!" என்றான் இன்னொருவன். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

பேராசிரியை சிரிக்கவில்லை. ஈரம் பட்ட விரலைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். "பாத ஏன் வட்டமா இருக்கு? வட்டமா இருந்தா எப்புடிச் சூடாவும்?"

பேரன் ஆசிரியரைப் பார்த்தான். ஆசிரியரின் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. அது ஓதமேதான்.

"மேடம், இத... இத செஞ்சது இந்தப் பொண்ணுதான் மேடம். எல்லாமே இவதான். இவள கேளுங்க. ஏய், முன்னால வா. சொல்லு. நீதானே செஞ்ச?"

அந்த மழைக்காலம் முழுவதும் நான் கேட்க ஏங்கிய சொற்கள் அவைதாம். அப்பா காக்கியோடு நின்று யாசித்ததும் அவற்றைத்தான். செய்தது இந்தப் பெண். கூட்டத்தின் நடுவில், உரத்த குரலில், அவர் வாயாலேயே வந்துவிட்டன.

பேராசிரியை என்னைப் பார்த்தார். மசகு ஏறிய என் விரல்களைப் பார்த்தார். அவருக்குப் பாதி விளங்கிவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. "நீ சொல்லும்மா. தமிழ்லயே சொல்லு" என்றார். அவ்வளவு கனிவாக அதுவரை எந்த ஆசிரியரும் என்னிடம் பேசியதில்லை. நீள்வட்டம், நெருக்கம், விலகல், மழையில் சுட்ட சக்கரம் எல்லாம் என் நாவின் நுனியில் நின்றன. ஒரு வாக்கியம் போதும். பரிசுகூடக் கிடைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பரிசோடு ஆசிரியரும் தப்பித்திருப்பார். என் பெயருக்கு மேலே வழிகாட்டி என்று தம் பெயரைப் போட்டுக்கொண்டு, மாலையில் அப்பாவிடம் மற்றொரு நன்றியையும் வாங்கியிருப்பார்.

நான் ஆசிரியரின் கண்களைப் பார்த்தபடி, அவர் பயிற்றுவித்த அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மேடம். நான் தூக்கிட்டு வந்தவ."

அவர் முகத்தில் அப்போது தோன்றியதை வருணிக்க நான் பல ஆண்டுகளாக முயன்றிருக்கிறேன். தமிழில் அதற்கு நல்ல சொற்கள் பல உள்ளன. ஒன்றையும் செலவிட மனம் வரவில்லை.

பேராசிரியை தம் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். போகும்போது ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மட்டும் நான் கடன்பட்டிருக்கிறேன். அவரை ஏமாற்றியதற்காக அல்ல, அவரைப் போன்ற ஒருவர் எனக்கு ஆசிரியராக வாய்க்கவில்லை என்பதைக் காட்டியதற்காக.

திரும்பும் பேருந்தில் ஆசிரியர் முன்னிருக்கையில் தனியே உட்கார்ந்தார். பேரன் என் பக்கத்தில் தரையில் வந்து அமர்ந்தான்.

"ஏய், ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"என்னா தப்பு?"

விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன். அவனும் விரலால் அதே வட்டத்தைப் போட்டுப் பார்த்தான். பிறகு விளங்கிக்கொண்டு, வாயைப் பொத்தியபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "பாவி, பாவி! எனக்காவது சொல்லியிருக்கலாம்ல?" என்றான். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. தாளாளர் பேரனே, இன்று நீயும் இந்தக் குழுவில் இருக்கிறாய். உன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அப்பா சிதம்பரம் பேருந்து நிலையத்தில் காத்திருந்தார். ஆசிரியரைக் கண்டதும் அவர் கைகள் தாமே கூம்பின. ஆசிரியர் பார்க்காதவர் போலக் கடந்துபோனார்.

"பேரு போட்டாங்களாம்மா?"

"போடலப்பா."

"பரவால்ல. சாருக்கு என்னா கஷ்டமோ. அசதியா போறாரு பாரு" என்றார் அப்பா.

கதை அவ்வளவே. மிதிகட்டை உடைந்து அந்த நிலவுப் பலகை ஆய்வுக்கூடத்தில் சில காலம் கிடந்தது. பிறகு பழைய பொருள்காரனின் வண்டியில் போயிற்று. நாம் படித்து முடித்தோம், ஊர் ஊராகப் பிரிந்தோம்.

இனி நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். இத்தனை ஆண்டு கழித்தும் இந்தச் சூடு ஆறவில்லையா என்பீர்கள். அதற்கும் வானத்திலேயே விடை உண்டு. அயோவைத் தனியே விட்டிருந்தால் அதன் பாதை நாளடைவில் வட்டமாகிவிடும். வட்டமானதும் அசைவு நிற்கும், நிலவு ஆறிப்போகும். ஆனால் அதைத் தனியே விடுவதில்லை. அதற்கு வெளியே உடன்பிறந்த நிலவுகள் இரண்டு சுற்றுகின்றன. அயோ நான்கு சுற்று வரும்போது ஒன்று இரண்டு சுற்றும், மற்றொன்று ஒரு சுற்றும் வருகின்றன. தாளம் தப்பாமல் சந்தித்து, சந்திக்கும்போதெல்லாம் சற்றே இழுத்துவிடுகின்றன. பாதை வட்டமாகத் தலைப்படும்போது மீண்டும் நீள்கிறது. எரிமலை அணைவதே இல்லை.

என் உடன்பிறந்த நிலவுகள் நீங்கள். ஒவ்வோர் ஆசிரியர் நாளன்றும் குழுவில் அவர் படத்தைப் போடுகிறீர்கள். 'நம்மை ஆளாக்கிய கை' என்று எழுதி, கூப்பிய கைகளின் சின்னத்தை வரிசையாக இடுகிறீர்கள். அந்தச் சின்னத்தைப் பார்க்கும்போதெல்லாம் வாயிலில் நின்ற காக்கி எனக்குத் தெரிகிறது. என் பாதையை வட்டமாக விடாதவர்கள் நீங்களே. நான் குறை சொல்லவில்லை. உறைந்துபோன எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். உள்ளே சுடுகிறவளாய் இருப்பதே எனக்கு நல்லது.

விழாவுக்கு நான் வருகிறேன். அப்பாவும் வருகிறார். தங்கமான மனிதரைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டுமாம். இப்போது அவருக்கு முழங்கால் முடியவில்லை. ஆனாலும் என் வண்டியை நிறுத்தியதும் இறங்கிச் சக்கரங்களைத் தொட்டுப் பார்க்கத் தவறுவதில்லை. கட்டிலின் அடியில் வைத்த நீள்வட்ட வேலி பத்திரமாக இருக்கிறது. மற்றவற்றைப் புதிதாகச் செய்துவிட்டேன். ரப்பர்க் கட்டையை அப்பாவே பழைய நண்பர்களிடம் கேட்டு வாங்கித் தந்தார். எதற்கென்று கேட்டார். சாருக்கு அன்பளிப்பு என்றேன்.

எனவே விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். பொன்னாடையை வேறு யாராவது போர்த்துங்கள். மேடையில் எனக்கு ஒரு மேசை வேண்டும். அப்பாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். ஆசிரியருக்கு வேண்டாம், அவர் அப்பாவின் எதிரே நிற்கட்டும். நான் சுற்றிச் சுற்றி நிறுத்துகிறேன். நிறுத்தும்போதெல்லாம் இரண்டு பேரும் ரப்பரின்மேல் கையை வைக்கட்டும். அது நன்றாகச் சுடத் தொடங்கியதும், ஒலிபெருக்கியை ஆசிரியரின் வாயருகே பிடித்து, ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

இதைச் செய்தது யார்?

எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொல்லக்கூடும். சொன்னால் தடுக்காதீர்கள். என் அப்பா அதைக் கேட்க வேண்டும்.